சந்தோஷப்பட ஆள் தேவை

சந்தோஷப்படுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மீரா முகைதீன் பாய் வந்து சொன்னபோது, நான் லான்மடாவ் படித்துறையில் முப்பத்தெட்டாவது உளுந்து மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளைக்கு பாய்?"

"பத்து நாள் பழக்குவாங்களாம். பதினோராம் நாள் சந்தோஷப்படணும். நாளுக்கு இருநூறு சாட். மத்தியானச் சோறு உண்டு."

"மூட்டை?"

"ஒரு மூட்டையும் இல்ல வேலு. சும்மா சிரிச்சாப் போதும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஊரில் சும்மா சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பர்மியத் துறைமுக ஊரின் நடுவில், கியாக்டடா பேட்டையில், வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் கட்டடம் ஒன்றில், ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கேசினோ திறந்திருந்தார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு. நடத்தியது 'உவகை மேற்பார்வைக் குழு' என்ற ஒன்று. வெளிநாட்டவர் மட்டுமே உள்ளே வரலாம், குடிமக்கள் வந்தால் சிறை. ஆனால் திறந்து எட்டு மாதத்தில் வந்த வெளிநாட்டவர் இரண்டு பேர். ஒருவர் கக்கூஸ் எங்கே என்று கேட்டார். இன்னொருவர் சூலே பகோடாவுக்கு வழி கேட்டார். இந்த நேரம் பார்த்துப் பெரிய ஸயா, அதாவது பெரிய ஐயா, ஒருவர் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார், வெளிநாட்டவர் மகிழ்கிறார்களா என்று நேரில் பார்க்கப்போகிறார் என்று ஓலை வந்தது. முப்பது வெளிநாட்டவருக்கு எங்கே போவது? குழு யோசித்தது. பிறகு தெருவில் எங்களைப் பார்த்தது.

"இத்தனை வருஷமா நம்ம மூஞ்சியப் பாத்து வெளிநாட்டான், வெளிநாட்டான்னு ஏசினாங்க" என்றார் பாய். படித்துறை வாசலில் வெற்றிலைப் பெட்டி வைத்துப் பிழைப்பவர். நாகூர்ப் பக்கம் என்பார், நாகூரைப் பார்த்ததில்லை. "இப்பத்தான் அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. விடலாமா?"

இருநூறு சாட்டுக்காக நான் போகவில்லை. பத்து நாளும் ஒழுங்காகச் சந்தோஷப்பட்டவர்களுக்குக் குழு ஒரு பரிந்துரைக் கடிதம் தரும், அதைக் காட்டினால் அட்டை ஆபீசில் அட்டை கிடைக்கும் என்று சொன்னார்கள். குடிமகன் அட்டைக்கு நான் பதினோரு வருடமாக எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன். என் தாத்தா இந்த ஊர் ரயில் பாதையில் கல் உடைத்தார். அப்பா நகரசபைச் சாக்கடை இறங்கினார். நான் பிறந்ததும் இங்கேதான். ஆனால் நான் பிறந்ததற்கான பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று ஆபீசில் சொன்னார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கரையானிடமா கேட்பது?

என் மகள் மஞ்சுளாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் வந்திருந்தது. தகப்பன் குடிமகன் என்பதற்கு ஒரு சர்க்கார் காகிதம், அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. தேதி போட்ட அந்தக் கடிதத்தை மஞ்சுளா மடித்து, நான் சாப்பிடும் தட்டுக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்குப் பர்மிய எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். என் நாற்பத்தொன்றாம் வயதில், அவளுடைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து. எழுத்தெழுத்தாகக் கூட்டி அந்தத் தேதியை நானே படித்தேன்.

மறுநாள் கியாக்டடாவுக்குப் போனோம்.

உள்ளே போனதும் வெயில் நின்றுபோயிற்று. ஊர் முழுக்க மின்சாரம் இல்லாத வேளை. அங்கே மட்டும் ஆயிரம் விளக்கு. முப்பது பேரை வரிசையில் நிறுத்தி நாடு பங்கிட்டார்கள். பாய்க்குத் துபாய். எனக்குச் சிங்கப்பூர் முதலாளி. லத்தாவில் வாத்து தொங்கவிடும் கடையிலிருந்து வந்த சீனனுக்கு ஜப்பான். எல்லோருக்கும் வாடகைக் கோட்டு. முப்பது வருடம் மூட்டை சுமந்ததில் என் வலது தோளில் ஒரு காய்ப்பு, தேங்காய் மூடி அளவுக்கு. கோட்டு அங்கே மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. "முதலாளிக்குத் தோளில் ஏன் அது?" என்று தையல்காரன் கேட்டான். "பணப்பையைச் சுமந்து" என்றார் பாய்.

எங்களைப் பழக்கியவள் மா த்வே என்ற பெண். எல்லைப் பக்கத்துக் கேசினோ ஒன்றில் இரண்டு வாரம் இருந்து கற்றுக்கொண்டு வந்தவளாம். அவள் பர்மிய மொழியில் சொன்னதை என்னால் முடிந்த தமிழில் எழுதுகிறேன்.

"இங்க கடிகாரம் கிடையாது. ஜன்னல் கிடையாது. மணி தெரிஞ்சா மனுஷன் வீட்டை நினைப்பான். இந்த வில்லையக் கையில வச்சுக்குங்க. இதுதான் இங்க காசு. காசு காசு மாதிரி இருந்தா, போகும்போது வலிக்கும்."

"ஜனங்க ஏன் ஸயாமா இங்க வர்றாங்க? ஜெயிக்கவா?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கிறதுக்கு யாரும் வரல. சக்கரம் சுத்துது பாருங்க, அது நிக்கிற வரைக்கும் யாரும் ஏழை இல்ல. அந்த அரை நிமிஷத்துக்குத்தான் விலை."

பாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஜன்னல் இல்லாத அறை. கையில வில்லையக் குடுத்து உக்கார வைக்கிறாங்க. இப்பக் கூப்பிடுவான், இப்பக் கூப்பிடுவான்னு பாத்துக்கிட்டு இருக்கோம். சாயங்காலம் வெறுங்கையோட வீட்டுக்குப் போறோம். ஸயாமா, அட்டை ஆபீசுல எங்களுக்கு இது பதினோரு வருஷப் பழக்கம்."

மா த்வே சிரிக்க வாய் திறந்தாள். உடனே கதவுப் பக்கம் பார்த்தாள். சிரிக்கவில்லை. கதவோரம் ஸ்டூலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று எழுதுவது அவருடைய உத்தியோகம்.

மகிழ்ச்சியில் நான்கு தரம் இருந்தது. முதல் தரம் உதடு மட்டும். இரண்டாம் தரத்தில் பல் தெரியலாம், மேல் வரிசை மட்டும். மூன்றில் கையைத் தூக்கலாம், தோளுக்கு மேல் போகக்கூடாது, போனால் கோஷம் போடுவதுபோல் ஆகிவிடும். நான்காம் தரத்துக்கு முன் அனுமதி வேண்டும். தினமும் மாலையில் ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். 'இன்று மகிழ்ந்ததற்கான காரணம்' என்று அதில் ஒரு வரி. நான் கூட்டிக் கூட்டி 'சோறு போட்டார்கள்' என்று எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டவருக்குச் சோறு காரணமாக இருக்க முடியாதாம். 'தோற்றதால்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஐந்தாம் நாள் குழுத் தலைவர் ஊ பா தௌங் எங்களிடையே உரையாற்றினார்.

"இங்கே நடப்பது சூதாட்டம் அல்ல. சூதாட்டம் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. இங்கே நடப்பது வெளிநாட்டவரின் இழப்பு. நம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்கள் நம்மிடம் உள்ளன. சூதில் வைத்து நடத்துபவன் மட்டுமே ஜெயிப்பான், ஆடுபவன் ஒருநாளும் ஜெயிக்கமாட்டான். இந்த அனுபவம் நம் மக்களுக்கு மற்ற எல்லாத் துறைகளிலும் இலவசமாகவே கிடைத்துவரும்போது, இங்கே வந்து அவர்கள் ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?"

நாங்கள் முதல் தரத்தில் மகிழ்ந்தோம். ஜப்பானுக்கு மட்டும் அடக்க முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டான். நோட்டுப் புத்தகக்காரர் எழுந்து நின்று எழுதினார்.

அடுத்த நாள் ஜப்பான் வரவில்லை. வேறொருவர் ஜப்பானாக வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் பைக்குள் பாதி தின்ற பிஸ்கோத்து இருந்தது என்று புது ஜப்பான் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி என் தலைக்குள் இருந்தது.

பதினோராம் நாள் பெரிய ஸயா வந்தார். குட்டையான மனிதர். மெல்லப் பேசினார். அவர் மெல்லப் பேசப் பேச ஊ பா தௌங்குக்கு வேர்த்தது. எல்லா மேசையையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து நின்றார்.

"எந்த நாடு?"

"சிங்கப்பூர், ஸயா." பர்மிய மொழியிலேயே சொல்லிவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மகிழ்ச்சியா?"

"இரண்டாம் தரம், ஸயா."

சக்கரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டில் வை" என்றார்.

வைத்தேன். மேசைக்கடியில் ஒரு மிதி உண்டு. சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்பது அதை மிதிப்பவன் கையில், அதாவது காலில். வெளிநாட்டவர் தோற்க வேண்டும் என்பது விதி. பெரிய ஸயா சொன்ன எண் தோற்கக்கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. மிதிப்பவன் பாவம், இரண்டுக்கும் நடுவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அது தானாக நின்றது. பன்னிரண்டில்.

ஜெயித்தால் எப்படி மகிழ்வது என்று எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. முப்பது பேரும் முதல் தரத்தில் நின்றோம்.

"நல்லது" என்றார் பெரிய ஸயா. "கொடுங்கள். போட்டோ எடுங்கள்."

ஒரு வெள்ளித் தட்டில் டாலர் வந்தது. கூடவே ஒரு பெரிய பதிவேடும். ஜெயித்தவர், வந்தவர் எல்லோரும் அதில் கையெழுத்திட வேண்டும், முதலில் நான். ஊ பா தௌங் பேனாவை என் கையில் திணித்தார். நான் மேலே அச்சடித்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன்.

"படிக்காதே" என்று காதோரம் சொன்னார். "போடு."

எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டால் எனக்கு நடுவில் நிறுத்த வராது. 'கீழே கையெழுத்திடும் நான் இந்நாட்டவன் அல்லேன். என் தகப்பனும் பாட்டனும் இந்நாட்டவர் அல்லர். என் மக்களும் அல்லர்.'

என் மக்களும் அல்லர்.

"ஸயா, இதுல எம்மகளும் இருக்கா."

"அது வெறும் அச்சு. எல்லோருக்கும் ஒன்றுதான். கையெழுத்துப் போட்டால் நீ விருந்தினர். போடாவிட்டால் நீ குடிமகன். குடிமகன் இங்கே நின்றால் குற்றவாளி. டாலரைத் தொட்டால் இரட்டைக் குற்றவாளி. யோசித்துக்கொள்."

அதிகம் யோசிக்கவில்லை. பதினோரு வருடத்தில் சர்க்கார் ஆள் ஒருவர் வாயிலிருந்து 'நீ குடிமகன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் குடிமகன்தான் ஸயா. எழுதிக்குங்க."

ஊ பா தௌங் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "இவர் யாரென்றே குழுவுக்குத் தெரியாது" என்று உரக்கச் சொன்னார். "குடிமகன் ஒருவர் புகுந்துவிட்டார்!" பெரிய ஸயா தலையை மட்டும் ஆட்டினார். என்னை வெளியே கொண்டுபோகும்போது திரும்பிப் பார்த்தேன். மற்ற இருபத்தொன்பது பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள். மீரா முகைதீன் பாய் என்னைப் பார்க்கவில்லை. துபாய் என்ற இடத்தில் போட்டுவிட்டுக் குனிந்தே நின்றார்.

வழக்கு மூன்றாம் நாளே வந்தது. இந்த ஊரில் வேறெதுவும் இவ்வளவு வேகமாக நடந்து நான் கண்டதில்லை. சர்க்கார் வக்கீல் எழுந்து, நான் குடிமகன் என்று வாதாடினார். குடிமகனாக இருந்தால்தானே குற்றம்! என்ன வாதம் அது! கரையான் தின்ற பேரேட்டைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தார். ஒரு மூலை கூடக் கிழியவில்லை. என் அப்பாவின் நகரசபைச் சம்பளச் சீட்டு வந்தது. தாத்தாவின் ரயில்வே எண் வந்தது. நான் பிறந்த லான்மடாவ் வார்டின் கிழவர் ஒருவரைக் கூட்டிவந்து, "இவன் தொப்புள்கொடி விழுந்ததை நான் பார்த்தேன்" என்று சொல்ல வைத்தார்.

"மூன்று தலைமுறையாக இந்த மண்ணின் சோற்றைத் தின்றவன்!" என்று வக்கீல் கர்ஜித்தார். "இவனை வெளிநாட்டவன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீதிபதி அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தை மூன்றாகக் குறைத்தார்.

தீர்ப்பின் நகலை இருபத்தாறாம் தேதி என் மனைவி நீலாம்பாள் வாங்கிக்கொண்டு போனாள். 'இந்நாட்டுக் குடிமகன் குழந்தைவேலு' என்று முத்திரையோடு தொடங்கும் காகிதம். பார்க்க வந்த நாளில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

"படிப்பு ஆபீசுல அந்தம்மா ரெண்டு தடவ படிச்சாங்க. தகப்பன் ஜெயில்ல இருக்கானேன்னு ஒண்ணும் கேக்கல. 'இவ்வளவு தெளிவான காகிதம் யாரும் கொண்டுவந்தது இல்ல'ன்னு சொல்லி முத்திரை குத்திட்டாங்க. மஞ்சுளாவச் சேத்தாச்சு."

நான் கம்பிக்கு நெருங்கி வந்து கேட்டேன்.

"பாய் எப்படி இருக்காரு?"

"அவருக்குக் கடுதாசி வந்திருக்கு. துபாய்க்காரரே, உங்க விசா முடிஞ்சு அம்பத்தி மூணு வருஷம் ஆச்சு, கப்பல் ஏறத் தயாரா இருங்கன்னு. அவரு வீட்டுல நபீஸாக்கா அழுதுக்கிட்டே இருக்கா. கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் அப்படித்தான். ஜப்பானுக்கும்."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு. உங்க தீர்ப்பு விஷயம் ஊரெல்லாம் பரவிடுச்சு. ஜனங்க கேசினோ வாசல்ல நிக்கிறாங்க."

"எதுக்கு?"

"புடிபடத்தான்."

மூன்று மாதம் கழித்து வெளியே வந்தபோது வீடு பூட்டியிருந்தது. நேராகக் கியாக்டடாவுக்கு நடந்தேன். வரிசை சூலே பஸ் நிறுத்தம் வரை வந்திருந்தது. லத்தாச் சீனர்கள், லான்மடாவ் தமிழர்கள், அட்டை இல்லாதவர்கள் எல்லோரும். சோற்று வாளியோடு, குடையோடு. வாசலில் வில்லை விற்றார்கள். உள்ளே போய் ஒரு தடவை சக்கரத்தில் வைத்தால்தான் குற்றம். பிடிப்பதும் பிடிக்காததும் அவர்கள் இஷ்டம். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று பிடித்தார்கள். மற்றவர்கள் மறுநாள் மறுபடி வில்லை வாங்கினார்கள். பிடித்தவர்களை ஏற்றிய வண்டி கோர்ட்டுப் பக்கம் திரும்பும்போது வரிசை கைதட்டும். கேசினோ ஊரிலேயே மக்கள் மிகவும் விரும்பும் இடமாகிவிட்டது என்று உவகைக் குழு மேலிடத்துக்கு எழுதியதாம். பொய்யென்று சொல்ல முடியாது.

வெளிநாட்டவருக்கான தனிக் கதவருகே பாய் நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"என்ன பாய் தனியா?"

"நான் போனா சல்யூட் அடிக்கிறான் வேலு. வெல்கம் சொல்றான். பதிவேட்டுல பேரு இருக்குல்ல. வெத்தலப் பெட்டிய வித்துச் சக்கரத்துல வச்சுட்டேன், நபீஸா காதுல கிடந்ததையும் வச்சுட்டேன். புடிக்கவே மாட்டேங்கிறான். வியாழக்கிழமை கப்பல்." என் கோட்டில்லாத தோளைத் தொட்டார். "நீ அன்னைக்குப் படிச்சே. நான் படிக்கல."

காவலாளி கதவைத் திறந்து சல்யூட் அடித்தான். பாய் உள்ளே போனார்.

நீலாம்பாள் எங்கே என்று வரிசையில் தேடினேன். அவள் முன்னதாகவே உள்ளே போய்விட்டாள் என்று பக்கத்துத் தெரு சொர்ணம்மாள் சொன்னாள். "ஒனக்குக் கெடச்சிருச்சு, மகளுக்குக் கெடச்சிருச்சு. அவளுக்கு மட்டும் வேணாமாக்கும்?"

காத்திருந்தேன். அன்று காலையில்தான் சுவரில் ஒட்டியது போலிருக்கிறது, பசை காயாத அறிவிப்பு ஒன்று. பொடி எழுத்து. வரிசையில் யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாமல் நின்ற நான் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். 'இக்கூடத்தில் பிடிபடுவோர் குறித்து…'

பின்பக்கக் கேட்டு திறந்தது. வண்டி வெளியே வந்தது. கம்பி வலைக்குள் ஐந்து பேர். ஐந்தாவது நீலாம்பாள். என்னைப் பார்த்துவிட்டாள். கல்யாணத்தன்று கூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வலைக்குள் விரலை நுழைத்து ஆட்டினாள்.

"அடுப்புல ரசம் இருக்கு! சூடு பண்ணிக்குங்க!"

வரிசை முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். உள்ளங்கை எரியும் வரை தட்டினேன். பிறகு, விட்ட இடத்திலிருந்து அறிவிப்பைக் கூட்டினேன்.

'…இன்று முதல், தாமாக வந்து பிடிபடுவோர் குடிமக்களாக இருக்க முடியாது என்று குழு தீர்மானித்துள்ளது. அவர்கள் வழக்கின்றி, அவர்தம் நாட்டுக்கு அனுப்பப்படுவர்.'

கடைசி எழுத்தை முடித்துவிட்டுத் திரும்பினேன். கோர்ட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் வண்டி திரும்பவில்லை. நேராகத் துறைமுகப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கம்பி வலைக்கு வெளியே அந்த விரல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

எனக்குப் பின்னால் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.